வீடும் வளவும்: கோடிப்புறத்துக்கு ஒரு மேடை



கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் உறவுகள் அனுப்புகின்ற படங்களில், வீட்டின் பின்பக்கமாகப் பலகை அடித்த மேடை ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதை ‘டெக்’ என்பார்கள். முன்னர் முழுவதும் மரத்தில் செய்தார்கள். இப்போது மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் சூடாக்கிச் சேர்த்து வார்த்த பலகையைப் பலர் போடுகிறார்கள். 1990களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இந்தப் பலகை கொழும்பிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. கறையான் தின்னாது, உக்காது, வர்ணம் பூச வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரால் கழுவினால் போதும் என்கிறார்கள்.

அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பலகை தன்பாட்டில் பாரம் தாங்காது. 16 அங்குலத்துக்கு ஒன்றாக அடியில் சலாகை போட்டு, அதன் மேல்தான் பொருத்த வேண்டும். பெரும்பாலும் அந்தச் சலாகை மரம்தான். மேலே உள்ளதைத் தின்னாத கறையான் கீழே உள்ளதை விட்டுவைக்குமா? இன்னொன்று, வெயிலில் இந்தப் பலகை நன்றாகச் சூடேறும். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானம் வெறுங்காலுடன் மிதிக்க முடியாது. சூட்டில் நீளவும் செய்யும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒன்று உடைந்தால் அதே பலகையைத் தேடிக் கொழும்புக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். ஆகவே, வெளிநாட்டுக் காசு வந்தாலும் இதில் போடாதீர்கள் என்பதே என் எண்ணம்.

ஆனால் மேடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வேலையில் பாதி குசினிக்குப் பின்னால்தான் நடக்கிறது. மிளகாய் காயப்போடுவது, ஒடியல் பரப்புவது, தேங்காய் உரிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கேதான். மாரி தொடங்கினால் அந்த இடம் சேறாகிவிடும். செயற்கைக் காலுடன் நடக்கும் சகோதரிக்கும், ஊன்றுகோல் பிடிப்பவருக்கும் அந்தச் சேறு பெரிய ஆபத்து. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் போன்றவற்றில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தந்தார்கள். வீட்டை முடிக்கவே கடன்பட்டவர்கள் பலர். இன்றும் பல வீடுகளுக்குப் பின்பக்கம் வெறும் மண்தான்.

10 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு சீமெந்து மேடை போதும். 4 அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய 5 பக்கற் சீமெந்து, 12 கன அடி மணல், 24 கன அடி சல்லி பிடிக்கும். கலவை ஒன்றுக்கு இரண்டு, நான்கு. இதற்கு மேசன் ஒருவரும் கையாள் ஒருவரும் ஒரு நாள் நின்றால் சரி.

காசை விடப் பொறுமை தேவைப்படுவது அடித்தளத்துக்குத்தான். வெடிக்கும் மேடைகளில் அநேகமானவை கலவை பிழைத்து வெடிப்பவை அல்ல, கீழே மண் இறங்கி வெடிப்பவை. சுற்றிவர ஒரு வரி கல் வைத்து, உள்ளே கிரவலை அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். ஒரேயடியாக நிரப்பிவிட்டு மேலே மட்டும் இடிப்பதில் பயனில்லை. இந்த வேலையை நாமே செய்யலாம், கூலி மிச்சம். முடிந்தால் புரட்டாதிக்கு முன் நிரப்பிவிட்டு ஒரு மாரியை அதன் மேல் போகவிடுங்கள். இறங்குவதெல்லாம் இறங்கிவிடும். தையில் பள்ளங்களை நிரவிக் கொங்கிறீற் போடலாம்.

மண் எடுக்கும் இடத்தில் கவனம். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வெட்டுங்கள். கறள் பிடித்த இரும்புபோல எது தெரிந்தாலும் தொட வேண்டாம். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளை மண் அள்ள அனுப்பவே வேண்டாம்.

குசினித் தரையைவிட மேடை 2 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். சக்கர நாற்காலி போக வேண்டுமென்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ வேண்டாம். வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு விட்டால் தண்ணீர் நிற்காது. வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடாமல், நடுவே பழைய பிளாஸ்ரிக் துண்டு ஒன்றை நிறுத்திப் போடச் சொல்லுங்கள். மேடை அசைந்தாலும் சுவர் வெடிக்காது. மலசலகூடக் குழி மூடியின் மேல் எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். மேற்பரப்பைப் பளபளப்பாக இழுக்க மேசன் விரும்புவார், விடாதீர்கள், மழையில் சறுக்கும். பலகைத் துண்டால் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டால் போதும்.

முற்றத்தில் இறங்கப் படிக்குப் பதிலாகச் சரிவு வைக்கலாம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. மேடை 6 அங்குல உயரமென்றால் சரிவு 6 அடி நீளம். இதைக் குறைத்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு நாரி முறியும்.

போட்ட மறுநாளிலிருந்து ஏழு நாள் சாக்கு விரித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த ஏழு நாளும் கோழியையும் ஆட்டையும் கட்டிவையுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பாசியைத் தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவுவதுதான் வேலை. சிறு வெடிப்பு வந்தால் ஒரு பங்கு சீமெந்தும் மூன்று பங்கு அரித்த மணலும் குழைத்து நீங்களே அடைத்துவிடலாம்.