கடைசி நாள் கணக்கு



நோன்பு நெருங்கினாலும் சரி, வீட்டில் ஒரு கல்யாணம் முற்றானாலும் சரி, நாம் முதலில் எடுக்கும் பேச்சு பெயின்ட் அடிப்பது பற்றித்தான். எந்த அறைக்கு எந்த நிறம் என்று பிள்ளைகளோடு நாலு நாள் பேசுவோம். வேலை முடிகிற நாளில் பெயின்டரோடு எப்படிக் கணக்கு முடிப்பது என்று மட்டும் பேசுவதில்லை. மனக்கசப்பு வருவதோ அந்த நாளில்தான். இந்த மாதம் இதை எழுதக் காரணம் என் கையால் நடந்த ஒரு பிழை.

முதல் முறை நாங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது, மஃரிப் நேரத்தில் பல்ப் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு முழுக் காசையும் கொடுத்தேன். விடிந்து பார்த்தால் கதவுகளின் மேல் விளிம்பில் பெயின்டே இல்லை. கிறில்லின் பின்பக்கம் துரு அப்படியே இருந்தது. தரையெல்லாம் புள்ளி. வந்தவர் பிறகு எட்டியும் பார்க்கவில்லை.

அந்தச் சூட்டோடுதான் இரண்டாம் முறை வேறொருவரைப் பிடித்தேன். கூலி மட்டும் 85,000 ரூபாய்க்குக் கொந்தராத்து. சாமான் எங்களுடையது. 60,000 கொடுத்தாயிற்று. நோன்பு 24இல் வேலை முடிந்தது. சுத்தமான வேலை. ஆனால் பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஒரு முழ அளவுக்குப் பெயின்ட் கொப்பளித்து நின்றது. “இதைச் சரி செய்தால்தான் மிச்சக் காசு” என்றேன்.

“ராத்தா, இது பெயின்ட் பிழை இல்ல. சுவருக்குள்ள தண்ணி ஓடுது. எத்தனை தரம் அடிச்சாலும் கழண்டுதான் வரும்” என்றார்.

நான் நம்பவில்லை. முன்பு ஒருவர் ஏமாற்றியதை இவருடைய கணக்கில் எழுதிவிட்டேன். 25,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை, தூரிகைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். பெருநாளும் வந்தது, போனது. ஷவ்வால் பிறை 12இல் குழாய் பார்க்க வந்தவர் அந்தச் சுவரைக் கொத்தினார். உள்ளே குழாயின் மூட்டு கசிந்துகொண்டிருந்தது.

பெருநாளைக்கு அந்த மனிதருடைய பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்க முகமில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு அவருடைய வீட்டு வாசலுக்கே போய்க் காசைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை எத்தனை பயானில் கேட்டிருப்போம்! வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வது புகாரியில் வருகிறது. அந்த வரிசையில் நானும் நின்றேனே என்று இன்றும் நெஞ்சு பதறும்.

இப்போது நான் செய்வது இதுதான். கணக்கு முடிப்பதைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்கிறேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டால் வெளிச்சம் சுவரில் சாய்வாக விழும், மேடு பள்ளம் தானாகத் தெரியும். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் மகனை உடன் வைத்துக்கொண்டு, பெயின்டரோடு சேர்ந்தே அறை அறையாகப் போகிறேன். அவர் இல்லாதபோது பார்த்துவிட்டுப் பிறகு குறை சொல்வது நியாயமில்லை. கதவின் பின்புறம், ஜன்னல் படியின் அடிப்பக்கம், சுவிட்ச் ஓரங்கள், கண்ணாடியில் பட்ட பெயின்ட், தரை எல்லாவற்றையும் பார்த்துக் குறைகளை மகன் கொப்பியில் எழுதுவார். நாலடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத ஒன்றைச் சுவரில் மூக்கை வைத்துத் தேடி எழுதக் கூடாது.

ஈரத்தால் வரும் கொப்பளமும், கடலோர ஊர்களில் சுவரில் வெள்ளையாகப் பூக்கும் உப்பும் பெரும்பாலும் சுவரின் நோய். அதைப் பெயின்டரின் தலையில் கட்டலாகாது. உருளை ஓடாமல் விட்ட இடம், வழிந்த கோடு, இவை அவருடையவை. அவற்றை அதே வாளிப் பெயின்டில், சுவருக்கு அடித்த அதே உருளையால் சரி செய்யச் சொல்லுங்கள். தூரிகையால் தொட்டு வைத்தால் அந்த இடம் ஒட்டுப் போட்டதுபோல் தனியாகத் தெரியும்.

குறை இருந்தால் அதைச் சரி செய்யும் கூலியளவுக்கு மட்டும் காசை நிறுத்துங்கள். மற்றதை அன்றே கொடுத்துவிடுங்கள். நடுவில் “இந்தக் குசினிச் சுவரையும் அடிச்சிடுங்க” என்று நாம் சொன்ன வேலைக்குக் கூலி தனி. அதைச் சொன்ன அன்றே பேசி எழுத வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282ஆம் வசனம் சொல்கிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். நாமோ, “தெரிஞ்ச ஆள்தானே” என்று விட்டுவிடுகிறோம்.

மிஞ்சிய பெயின்ட், வாங்கியவருக்கு உரியது. சாமானும் சேர்த்துக் கொந்தராத்து என்றால் அது அவருடையது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நம்முடையதென்றால் எந்த அறை, எந்த நிறம், என்ன இலக்கம் என்று மூடியில் எழுதி இறுக்கி மூடி வையுங்கள்.

எனமல் அடித்த ஜன்னலை அன்றிரவே இறுக்கிப் பூட்டினால் காலையில் ஒட்டிப்போயிருக்கும். புதிதாக இமல்ஷன் அடித்த சுவரை ஒரு மாதத்துக்குத் தேய்த்துக் கழுவாதீர்கள். பழைய கதவைச் சுரண்டியிருந்தால் தூசியைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். நம் நாட்டில் 2013 முதல் பெயின்டில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. அதற்கு முந்திய பெயின்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தத் தூசி கெடுதி.

அந்தச் சுவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். குழாயை மாற்றியதும் பெயின்டரைக் கூப்பிட்டேன், வந்தார். கை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு மாசம் காயட்டும் ராத்தா” என்று திரும்பிப் போனார். சொன்னபடி வந்து, சுரண்டி, பிரைமர் போட்டு, இரண்டு தரம் அடித்து முடித்தார். அரை நாள் கூலி 2,500 கேட்டார். நான் 3,000 கொடுத்தேன். 500 ரூபாயைத் திருப்பி மகன் கையில் வைத்தார். அதையும் மகன் கொப்பியில் எழுதினார், திகதியோடு.