வாசல் அகலம், அடித்தளம் குறுகல்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர், முதுநிலைப் படிப்பின்றி நேரடியாக ஆய்வில் சேர வழிவகுத்தன. வசதியற்ற குடும்பத்து மாணவருக்கு ஓராண்டு மிச்சமாகும் என்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், இயற்பியல் போன்ற துறையில் அந்த ஓராண்டுப் பாடத்தை அவர் எங்கே கற்பார் என்ற கேள்விக்கு விதிமுறைகளில் விடையில்லை.

இளநிலைப் பட்டத்தோடு வருபவருக்கும் முதுநிலைப் பட்டத்தோடு வருபவருக்கும் பாடப் பயிற்சி ஒன்றே: குறைந்தபட்சம் 12 கிரெடிட். அதற்குள்ளேயே ஆய்வு நெறி, ஆய்வு முறையியல் ஆகிய இரண்டும் அடங்கும். எஞ்சியதில் துறைசார்ந்த இரண்டு மூன்று பாடங்களுக்கே இடமுண்டு. நான்காம் ஆண்டில் ஆய்வுத் திட்டத்தைத் தெரிவு செய்த மாணவருக்கு அதற்கே 12 கிரெடிட் போய்விடுவதால், முதுநிலையில் நான்கு பருவங்களில் கற்பிக்கப்படும் குவாண்டம் இயக்கவியலும் மின்காந்தவியலும் புள்ளியியல் இயக்கவியலும் அவருக்கு முழுமையாக வாய்ப்பதில்லை.

முனைவர் பட்டத்துக்கு உலகில் பெரும்பாலும் இரு வழிகள் உண்டு. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துடன் சேர்பவர், முதல் ஓரிரு ஆண்டுகள் உயர்நிலைப் பாடங்களைப் பயில்கிறார். பல பல்கலைக்கழகங்களில் தகுதித் தேர்விலும் வென்றாக வேண்டும். பட்டம் முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆவது அங்கே இயல்பு. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் முதுநிலைப் பட்டமே நுழைவுத் தகுதி. அதனால் பாடச்சுமை குறைவு, காலமும் குறைவு. நாமோ வாசலை அமெரிக்காவைப் போல அகலப்படுத்திவிட்டு, பாடத்தை ஐரோப்பாவைப் போலச் சுருக்கமாகவே வைத்திருக்கிறோம்.

முன்னர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருக அதுவும் ஒரு காரணமாயிற்று. 2022 விதிமுறைகள் அதை நீக்கியது சரியான முடிவு. ஆனால், எண்ணிக்கை அளவுகோல் விலகிய இடத்தில் தரத்தைக் காக்க வேண்டியவை பாடப் பயிற்சியும் ஆய்வேட்டு மதிப்பீடுமே. முன்னது மெலிந்தால் பின்னதன் சுமை கூடும்.

இழப்பு மாணவருக்கே. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு நிதி பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. நிதியுதவியின் மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அடிப்படையைத் தாமே கற்பதில் இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டால், ஆய்வு சூடுபிடிக்கும் வேளையில் நிதி நின்றுவிடும். நிதியே இல்லாதவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கான மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டத் திட்டத்தில், இளநிலைப் பட்டத்தோடு சேர்பவர்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் முதுநிலைக்கு இணையான பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. விதிமுறையிலுள்ள 12 கிரெடிட் என்பது கீழெல்லைதான். மேலே செல்லத் தடையில்லை. எனவே, தில்லியின் ஆணைக்குக் காத்திராமல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவும் நான்காண்டுப் பட்டத்தாருக்கெனக் கூடுதல் பாடங்களை வகுக்கலாம்; ஆசிரியர் பற்றாக்குறை உள்ள துறைகள் அண்டைப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து கற்பிக்கலாம்.

முதலீட்டைக் குறைத்துக்கொண்டு விளைச்சல் மட்டும் குறையாது என நம்புவது எந்தப் பொருளாதாரத்திலும் செல்லுபடியாகாது.