சீலிங்குக்கு மேலே என்ன ஓடுகிறது என்று கேளுங்கள்

கூலாயைத் தாண்டிச் செடெனாக்கில் எழுந்து நிற்கும் தரவு மையங்களில் வார நாள்களில் கேபிள் இழுக்கும் பையன்களில் சிலர், சனி ஞாயிறில் மாசாயிலும் ஸ்கூடாயிலும் கடைவீடுகளுக்குக் கேபிள் போடுகிறார்கள். கை அதே கைதான், வேலைதான் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் எண் ஒட்டியிருக்கும். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை. பிளாஸ்டிக் டையைப் போட்டு இறுக்கினால் மேற்பார்வையாளர் அவிழ்க்கச் சொல்வார். கடைவீட்டின் சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தால், அதே பையன் போட்ட கேபிள் குழல்விளக்கின் மேல் படுத்துக் கிடக்கும். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருக்கும். எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று அடுத்த வாரம் அவனையே கேட்டாலும் தெரியாது.

அவனைத் திட்டிப் பயனில்லை. அங்கே சோதனை அறிக்கை கைக்கு வராமல் ஆலோசகர் கையெழுத்துப் போட மாட்டார். இங்கே முதலாளி கேட்பது ஒன்றே ஒன்று: “தம்பி, எப்ப முடியும், எவ்வளவு?”

நான் ஜொகூரில் கடை, கிளினிக், சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் போட்டுப் பிழைப்பவன். 2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. 2022இல் கட்டுப்பாடுகளோடு மறுபடி திறந்தது. அதற்குள் முதலீட்டாளர்களின் பார்வை பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2025 ஜனவரி 7இல் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இலக்கவியல் மாநிலம் என்று மார்தட்டும் ஊரில், சாதாரணக் கட்டடங்களின் சீலிங்குக்கு மேலே ஓடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஒரு காலத்தில் கட்டடத்துக்குள் இருந்த தொலைபேசிக் கம்பிக்குத் தொலைபேசி இலாகாதான் பொறுப்பு. கெட்டுப்போனால் இலாகா ஆள் ஏணியோடு வருவார். அமெரிக்காவில் 1984இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தைப் பிரித்த பிறகு, உள்கம்பியின் பொறுப்பு கட்டடக்காரர் தலையில் வந்து விழுந்தது. கணினிக்கு ஒரு கம்பி, ஃபோனுக்கு வேறு கம்பி, கணினி கம்பெனியை மாற்றினால் சுவரைக் குடைந்து மறுபடி புதுக் கம்பி என்று அவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 1991இல் இஐஏ/டிஐஏ-568 என்ற பொதுத் தரம் வந்தது. 1995இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 11801 உலகத் தரமானது. நம் நாட்டில் தொலைபேசி இலாகா நிறுவனமாக மாறியது 1987இல். இன்று இணையச் சேவைக்காரரின் கம்பி உங்கள் மோடத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள ஒவ்வொரு அடியும் உங்கள் சொத்து. இது தெரியாமல்தான் “லைன் சரியில்லை” என்று சேவைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தரங்கள் கேட்பவை ஒன்றும் மலையைப் பெயர்க்கும் வேலையல்ல. பேட்ச் பேனலிலிருந்து சுவர் ஜாக் வரை செம்புக் கேபிள் 90 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரு முனையிலும் சொருகும் சிறு கேபிள்களையும் சேர்த்து 100. ஜாக்கில் அடிக்கும்போது இணைக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஏனென்றால் பக்கத்து இணையின் சத்தம் இதற்குள் ஏறாமல் காப்பது அந்த முறுக்குதான். ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசைகள் உண்டு. எதைப் போட்டாலும் சரி, இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதியில் ஒட்டுப் போடவே கூடாது. அப்புறம், கம்பி செம்பாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஜொகூர்க் கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டி மேல் ‘கேட் 6’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், 305 மீட்டர் என்றும் இருக்கும். உள்ளே இருப்பதோ சிசிஏ: அலுமினியக் கம்பிக்குச் செம்பில் ஒரு மெல்லிய போர்வை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் கிட்டத்தட்ட அறுபது விழுக்காடுதான். இரண்டு தரங்களிலும் அதற்கு இடமில்லை. கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். பெட்டியைத் தூக்கினாலே கனம் குறைவாகத் தெரியும். தோலை உரித்து, ஒரு கம்பியைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். செம்பு என்றால் எவ்வளவு ஆழம் போனாலும் சிவப்பு. சிசிஏ என்றால் இரண்டாவது சுரண்டலிலேயே வெள்ளை எட்டிப்பார்க்கும். நாலைந்து முறை முன்னும் பின்னும் வளைத்தால் பட்டென்று ஒடியும்.

பாசிர் கூடாங்கில் ஒரு வன்பொருள் கிடங்கு. பின்வாசல் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, ஏழரைக்கு மேல் செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று கூப்பிட்டார்கள். கேமராவை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கைப் போடும். அப்போது அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில்தான் போகின்றன. நான் போய்ப் பார்த்தபோது கேபிள் மெல்லிய சிசிஏ, நீளம் நூறு மீட்டரைத் தாண்டியிருந்தது, முனையில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. விளக்கு எரிந்ததும் அழுத்தம் விழுகிறது, கேமரா அணைகிறது, பழையபடி எழுகிறது, மறுபடி விளக்கைப் போடுகிறது. திருடன் வரும் நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் காவல்காரன். “போட்டவன் டெஸ்ட் பண்ணித்தாண்ணே காட்டினான், எட்டு விளக்கும் எரிஞ்சுச்சே” என்றார் முதலாளி.

எட்டு விளக்கு எரிவதற்கு அர்த்தம், எட்டுக் கம்பியும் மறுமுனையைத் தொடுகின்றன என்பது மட்டுமே. இணைகளுக்கிடையே எவ்வளவு கசிகிறது, எவ்வளவு எதிரொலித்துத் திரும்புகிறது, மின்தடை எவ்வளவு என்றெல்லாம் சொல்வது ஃபுளூக் போன்ற சான்றளிப்புக் கருவி. மின்தடை பற்றிய கேள்வி இனிமேல்தான் கூடும். இதே கேபிளில் மின்சாரம் அனுப்பும் முறை 2003இல் 15.4 வாட்டில் தொடங்கி, 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை வந்துவிட்டது. அத்தனையையும் ஒரு கட்டாகக் கட்டிய சிசிஏ கேபிளில் அனுப்பினால் என்ன சூடு ஏறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்காக விற்பனையாளர் சொல்லும் விலை உயர்ந்த கேட் 8 வாங்க வேண்டாம். கடைக்கு, கிளினிக்குக்கு நல்ல செம்புக் கேட் 6 தாராளம். வைஃபை கருவிகளுக்குப் போகும் கேபிளை மட்டும் கேட் 6ஏ ஆகப் போட்டால் நாளைக்கு உதவும். இன்னொன்று, கோயில் நிர்வாகங்களுக்கு: மண்டபமும் அலுவலகமும் தனித்தனிக் கட்டடமென்றால் நடுவே செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். நம்மூர் இடி எங்கோ விழுந்தாலும் செம்பு வழியே உள்ளே வந்து ஸ்விட்சைத் தின்றுவிடும். கண்ணாடி இழைக்கு அந்தப் பயம் இல்லை.

மின்சார வயரிங்குக்கு நாம் இப்படி இருப்பதில்லையே. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் வேண்டும். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி வேலை முடிந்ததற்குப் போராங் ஜி, சோதித்ததற்குப் போராங் எச். இந்த இரண்டு தாளும் இல்லாமல் தெனாகா நேஷனல் மீட்டர் மாட்டாது. அதனால் எந்த முதலாளியும் வயர்மேனிடம் “டெஸ்ட் வேண்டாம், விலையைக் குறை” என்று பேரம் பேசுவதில்லை. நெட்வொர்க் கேபிளுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும் என்பது என் கட்சி. ஜொகூர் பாரு மாநகர் மன்றமும் இஸ்கந்தர் புத்ரி மாநகர் மன்றமும் வணிகக் கட்டடச் சீரமைப்புக்கு அனுமதி தரும்போது ஒரு பக்கம் சேர்த்தால் போதும்: கேபிள் செம்புதானா, ஒவ்வொரு முனைக்கும் எண் உண்டா, சோதனை அறிக்கை எங்கே. அதுவரை வாடிக்கையாளரே மன்றமாக இருக்கலாம். கடைசித் தவணைப் பணத்தை அறிக்கை வரும்வரை கையில் வைத்திருங்கள். தமிழ்ப்பள்ளிக் கணினி அறைக்கு நன்கொடை திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன். அது ஊர்ப் பணம்.

என் தொழிலில் இருப்பவர்களே இதற்குச் சண்டைக்கு வருவார்கள். சான்றளிப்புக் கருவி பல பத்தாயிரம் வெள்ளி. இரண்டு பேர் வேலை செய்யும் நிறுவனம் எங்கே போகும்? நியாயமான கேள்வி. வாங்கச் சொல்லவில்லை. பாசிர் கூடாங்கில் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் இருக்கிறது. மாநில அரசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கருவி வாங்கிக் கொடுக்கட்டும். குத்தகையாளர் முன்பதிவு செய்வார், மாணவர்கள் விரிவுரையாளரோடு வந்து சோதிப்பார்கள், அறிக்கையில் கழகத்தின் முத்திரை இருக்கும். இருபது முனை உள்ள கடைவீட்டுக்கு அரை நாள் வேலை. முனைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம், கருவியை வருடாவருடம் அளவு சரிபார்க்க அனுப்பும் செலவுக்கு ஆகும்.