டௌ என்னும் ஓரெழுத்து

கிரேக்க நெடுங்கணக்கின் பத்தொன்பதாம் எழுத்தாகிய டௌவை நம் மாணாக்கர் பலவிடங்களிற் காண்கின்றனர். பொறியியலார்க்கு அது சறுக்குப்பெயர்ச்சித் தகைவு. மின்சுற்றிற் கால மாறிலி. அணுவியலில் 1975-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு துகளின் பெயர். எழுத்து ஒன்றே, பொருளோ பல. ஆதலின், "இவ்விடத்து டௌ யாது?" என்று வினவாமற் சூத்திரத்தை நெட்டுருச் செய்வது வீண் முயற்சி என்பதே நம் துணிபு.

எண்ணியலில் இவ்வெழுத்துக்கு ஏற்றந் தந்தவர் நம் இராமாநுஜன். ஒரு பெருக்கற்றொடரை விரிக்குங்கால் தோன்றும் குணகங்களை அவர் 1916-இல் டௌ எனக் குறித்தார். 2-க்குரிய மதிப்பு −24, 3-க்குரியது 252, 6-க்குரியது −6048. முன்னிரண்டையும் பெருக்கிப் பாருங்கள்! பொதுக்காரணியற்ற எண்கள் அனைத்திற்கும் இவ்விதி பொருந்துமென அவர் ஊகித்தார். மறு ஆண்டே மார்டெல் அதனை நிறுவினார். டௌவின் பருமனைப் பற்றிய மற்றோர் ஊகமோ 1974-இல்தான் டெலீன் என்பவரால் நிறுவப்பெற்றது.

இத்தகையார் கல்லூரிப் பரீட்சையில் தவறியவர். 1910-இல், விழுப்புரத்துக்கு மேற்கேயுள்ள திருக்கோவலூருக்கு எழுத்தர் வேலை நாடிச் சென்றார். டிப்டி கலெக்டர் வி. இராமஸ்வாமி ஐயர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அவ்வேலையில் அவரை முடக்க மனமின்றி, சென்னைக் கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பயிலும் மாணாக்கரே, எழுத்தை மனனஞ் செய்யுமுன் கணக்கிட்டுப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, மதிப்பெண்ணைக் காணுமுன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.