அவுரி என்றால் எந்த அவுரி?

விளாத்திகுளம் பக்கத்து விவசாயி ‘அவுரி போட்டிருக்கிறேன்’ என்றால் அது பெரும்பாலும் சென்னா. நாட்டு மருந்துக் கடையில் ‘அவுரி’ என்று கேட்டால் கிடைக்க வேண்டியது நீலச்சாயம் தரும் நீலி. முன்னது பேதி மருந்து. பின்னது தலைமுடிக்கும், கிராமங்களில் மஞ்சள் காமாலைக்கும் அரைத்துக் கொடுக்கப்படுவது. காமாலையில் வாடிக் கிடப்பவருக்குப் பெயர்க் குழப்பத்தால் சென்னாவை அரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்த ஒரு காரணமே போதும், சென்னாவை அவுரி என்று அழைப்பதை நாம் கைவிட.

சென்னா நம் மண்ணில் பிறந்ததல்ல. அரேபியா, சோமாலியா, சூடான் வறண்ட நிலங்களில் தானாக முளைக்கும் புதர். சூடான் இலைக்கு அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தின் பெயர். நம் இலைக்கு மருந்து நூல்களில் ‘டின்னவெல்லி சென்னா’. அதாவது திருநெல்வேலி! மழை குறைந்தாலும் தாங்கும். தண்ணீர் தேங்கினால்தான் வீணாகும்.

அடையாளம் காண இலைக்காம்பின் நுனியைப் பாருங்கள். நீலியில் சிற்றிலைகள் ஜோடிகளாக வந்து, நுனியில் ஒற்றைச் சிற்றிலையோடு முடியும். சென்னாவில் கடைசியிலும் ஜோடிதான். நீலியின் பூ சிறியது, இளஞ்சிவப்பு; காய் மெல்லிய குச்சி போலிருக்கும். சென்னாவுக்கு மஞ்சள் பூ, காகிதம் போன்ற தட்டைக் காய். ஆவாரைக்கும் மஞ்சள் பூதானே என்பீர்கள். ஆவாரையின் சிற்றிலை நுனி மழுங்கியிருக்கும். ஜோடிகளுக்கு நடுவே காம்பில் சிறு சுரப்பிகள் தெரியும். சென்னாவின் சிற்றிலை கூரானது, சுரப்பி இல்லை. சென்னா மூட்டையில் ஆவாரை இலையைக் கலப்பது பழைய வேலை. பார்த்து வாங்குங்கள்.

இனி, சாப்பிடும் விஷயம். இலையிலுள்ள சென்னோசைடைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் உடைத்த பிறகே மருந்து வேலை செய்யும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போடுபவர்கள்தான் மறுநாள் அவதிப்படுகிறார்கள். மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் சரி. வாரக்கணக்கில் தொடர்ந்தால் பொட்டாசியம் குறையும். இதய நோய்க்கு டைகாக்சினோ, நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. காரணம் தெரியாத வயிற்று வலியில் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

உடல் இளைக்க விற்கும் தேநீர்ப் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பதும் இதே இலைதான். உணவின் சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்ட பிறகு, பெருங்குடலில் வேலை செய்யும் மருந்து எந்தக் கொழுப்பைக் குறைக்கும்? குறைவது தண்ணீர் மட்டுமே.

பயிரிடுபவர்களுக்கு இன்னொன்று. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற களைகளில் ஈரலைக் கெடுக்கும் நச்சு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் உலர் மூலிகைகளில் இந்த நச்சுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அறுவடைக்கு முன் களையெடுப்பு கூலிச் செலவுதான். சரக்கு திரும்பி வந்தால் இழப்பு அதைவிடப் பெரிது.

விதைப் பொட்டலத்திலும் மண்டி ரசீதிலும் ‘சென்னா’ என்றே எழுதச் சொல்லிக் கேளுங்கள். ‘அவுரி’ என்ற பெயர் நீலிக்கு மட்டும் இருக்கட்டும். களப்பணியாளர்கள் அடுத்த பயிற்சிக்குப் போகும்போது இரண்டு செடியிலிருந்தும் ஒவ்வொரு கிளை ஒடித்துக்கொண்டு போகலாம்.