கட்டுரையாளர் குறிப்பில் ஒளியும் ஆள்

கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோவிலைப் பற்றி எழுத ஆய்வாளருக்குப் பொருள் பஞ்சமே கிடையாது. கருவறையில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் புற்று, இருமுடி கட்டி வரும் பெண்கள், மண்டையப்ப நேர்ச்சை, மாசிக் கொடையின் கடைசி இரவில் கூட்டமே வாய் திறக்காமல் நிற்கும் ஒடுக்கு பூஜை. எதைத் தொட்டாலும் கட்டுரை தேறும். எழுதி அனுப்பும்போது ஆய்விதழ் இன்னொன்றும் கேட்கும்: உங்களைப் பற்றி நூறு சொல்லுக்குள் ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பில் வழக்கமாக வருவது நமக்குத் தெரியும். உதவிப் பேராசிரியர், இத்தனை சர்வதேசக் கருத்தரங்குகள், இத்தனை கட்டுரைகள், இன்ன அமைப்பு வழங்கிய விருது. (பணம் கட்டி வாங்கிய விருதுக்கும் அதே எழுத்தளவுதான்.) எழுதியவர் எங்கே நின்று எழுதுகிறார் என்பது மட்டும் இருக்காது.

வேறு ஊரில் இதைச் சிறு குறை என்று விட்டுவிடலாம். மண்டைக்காட்டில் முடியாது. 1982 மார்ச்சில் கொடைக்கு வந்த பக்தர்களுக்கும் கடலோர மீனவ மக்களுக்கும் இடையே மூண்ட மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூடும், அதில் போன உயிர்களும் இந்த மாவட்டத்தில் இன்னும் பழங்கதை ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது, அறிக்கையும் வந்தது. ஆனாலும் யார் முதலில் கை ஓங்கினார்கள் என்று கேட்டால் கோவில் நடையில் ஒரு பதிலும் கடற்கரையில் வேறொரு பதிலும் கிடைக்கும். அந்தக் கலவரத்தை ஆராய்கிறவர் இரு தரப்பில் ஒன்றைச் சேர்ந்த அமைப்பில் பொறுப்பு வகித்துக்கொண்டே, அதை மறைத்து, ‘சுயாதீன ஆய்வாளர்’ என்று கையெழுத்திட்டால் அது ஏமாற்று. கட்டுரையில் உள்ள ஒவ்வொரு தகவலும் சரியாகவே இருந்தாலும் ஏமாற்றுதான். வெளியூர் வாசகர் அதை நடுநிலையாளரின் சொல்லாக எடுத்துக்கொள்வார். நாளை இன்னொருவர் மேற்கோளாகக் காட்டுவார்.

அதற்காகச் சாதியையும் மதத்தையும் குறிப்பில் எழுதச் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கம் ‘எந்த ஊரு, யாருக்க மொவன்?’ என்று இரண்டு கேள்வியில் ஒருவருடைய முழு ஜாதகத்தையும் எடுத்துவிடுவார்கள். ஆய்விதழுக்கு அந்த வேலை வேண்டாம். மதிப்பீட்டாளர் கண்ணில் படாமல் குறிப்பைத் தனித்தாளில் வாங்குவதே, எழுதியவர் யாரென்று பார்த்துக் கட்டுரையை எடைபோடாமல் இருக்கத்தான். பிறப்பு யாரும் தேடிக்கொண்டதில்லை. ஆளூரில் பிறந்த கே.கே. பிள்ளை பக்கத்திலுள்ள சுசீந்திரம் கோவிலைப் பற்றி எழுதி 1953இல் வெளிவந்த நூலை உள்ளூர்க்காரர் எழுதியது என்று எவரும் தள்ளவில்லை. பதவியும் உறுப்பினர் சீட்டும் பணமும் நாமே போய்ச் சேர்ந்துகொள்பவை. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஒளிப்பது ஒரு குற்றம் என்றால் ஊதிப் பெருக்குவது இன்னொன்று. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது நினைவிருக்கும்: அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர். வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ஸ்பெயினின் கோர்தோபா பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பணியில் இருந்துகொண்டே சவுதி பல்கலைக்கழகத்தின் பெயரையும் தன் கட்டுரைகளில் போட்டுக்கொண்ட வேதியியலாளர் ரஃபேல் லூக்கே, 13 ஆண்டுகள் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்பட்டார். பெயருக்குக் கீழே வரும் நிறுவனப் பெயரை அங்கே தண்டனை கொடுக்கும் அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியர் பணியை எண்ணால் அளக்கும் ஏபிஐ மதிப்பெண் முறை வந்த 2010 முதல் ஆசிரியர்களைக் கட்டுரை எண்ண வைத்தது பல்கலைக்கழக மானியக் குழுதான். உண்மை. அந்த நெருக்கடியில் நிற்கும் தற்காலிக விரிவுரையாளர் மீது நமக்கு இரக்கம் உண்டு. பொய்க்கு மன்னிப்பு இல்லை. பட்டமும் பட்டியலும் இல்லாமலே ஆய்வு செய்தவர்கள் உண்டு. காந்தளூர்ச் சாலையைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் ஆராய்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கு முனைவர் பட்டம் கிடையாது. ஆசிரியர் வேலை பார்த்தவர். இன்றைய ஆய்விதழ்க் குறிப்பில் அவருக்கு ஒரு வரிகூடத் தேறாது என்றால் கோளாறு அவரிடம் இல்லை.

இதைவிடக் கீழான ஒன்றும் நடக்கிறது. கொடை நாள் முழுக்க அலைந்து பாட்டைப் பதிவு செய்தவர் மாணவி. கட்டுரையில் முதல் பெயர் கோவில் வாசலையே மிதிக்காத நெறியாளருடையது. பாடிய கிழவி ‘தகவலாளி, வயது 70’ என்று சுருங்கிவிடுகிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தால் சரி. அவரிடம் யாராவது கேட்டார்களா?

இதில் பதிப்பாசிரியர்களும் உடந்தை. களப்பணி செய்தது யார், எந்த ஆண்டு, எவர் பணத்தில், எழுதியவர் எந்த அமைப்பில் பொறுப்பில் இருக்கிறார் என்பவற்றுக்குப் பதில் வராத கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அச்சான பிறகு உண்மை வெளிவந்தால், அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பகுதியில், மறைத்தது இன்னதென்று திருத்தம் போட வேண்டும். கடைசிப் பக்கத்து மூலையில் அல்ல.