டிரிக்கர் ஊசியும் தூங்கும் முட்டையும்

ஐ.வி.எஃப் சிகிச்சையில் 'டிரிக்கர் ஊசி' என்று ஒன்று உண்டு. "ராத்திரி பத்தரைன்னா பத்தரைக்கே போட்டுடணும்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் இரண்டு போனில் அலாரம் வைத்துக் காத்திருப்பார்கள். அப்படி என்ன அவசரம் அந்த ஊசிக்கு?

கதை நம் அம்மாவின் வயிற்றில் தொடங்குகிறது. 20 வாரப் பெண் சிசுவின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளியே வருவதோ சுமார் 400தான். இந்த முட்டைகள் தங்கள் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைக் கருவிலேயே ஆரம்பித்து, நடுவில் நின்றுவிடுகின்றன. 38 வயதில் கருத்தரிக்கும் பெண்ணின் முட்டை, 38 வருடத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்த முட்டை. வயது ஏற ஏற குரோமோசோம் பிரிவதில் பிசகு கூட இது ஒரு முக்கியக் காரணம்.

முழுதாக வளர்ந்த முட்டையைக்கூட யார் தடுத்து நிறுத்துகிறார்கள்? 1935-ல் பிங்கஸ், என்ஸ்மன் இருவரும் முயலின் முட்டைகளை, அவை வளரும் ஃபாலிக்கிள் என்ற பையிலிருந்து வெளியே எடுத்தார்கள். (பின்னாளில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவர் இதே பிங்கஸ்தான்!) எந்த ஹார்மோனும் கொடுக்காமலே முட்டைகள் தாமாக முதிரத் தொடங்கின. ஆக, தடை முட்டைக்குள் இல்லை, சுற்றியிருக்கும் பையில் இருக்கிறது.

அது எப்படி என்பதை எலிகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். முட்டையைச் சூழ்ந்த செல்கள் சைக்ளிக் ஜி.எம்.பி என்ற சிறு மூலக்கூறைத் தயாரித்து, நுண்துளைகள் வழியே முட்டைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அது வரும்வரை முட்டை அசையாது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து எல்.ஹெச் ஹார்மோன் பொங்கி வரும்போதுதான் இந்த வரத்து குறைகிறது. ஆச்சர்யம் என்னவென்றால், எல்.ஹெச் முட்டையிடம் நேரடியாகப் பேசுவதே இல்லை. பையின் வெளிப்புறச் செல்களிடம் சொல்ல, அங்கிருந்து சேதி கைமாறி உள்ளே போகிறது. முட்டை விழித்து, பாதி குரோமோசோம்களைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ளிவிட்டு, மறுபடி நிற்கும். மிச்ச வேலை விந்தணு நுழைந்த பிறகுதான்.

டிரிக்கர் ஊசி அந்த எல்.ஹெச் பொங்கலின் இடத்தில் வேலை செய்கிறது. போட்டதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். ரொம்ப முந்தினால் பல முட்டைகள் முதிர்ந்திருக்காது. ரொம்பப் பிந்தினால் பை வெடித்து முட்டை வெளியேறிவிடலாம்.

ஊசி போடும் நேரம் தவறிவிட்டதா? திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை உடனே மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லுங்கள். அதற்கேற்ப முட்டை எடுக்கும் நேரத்தை அவர்களால் மாற்ற முடியும்.